முகத்துவாரத்து விளக்குக்காரர்

எண்ணூர் முகத்துவாரத்துக் குப்பத்தில் தேசப்பனைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பாதிப் பேர் அவருக்கு மூளை பிசகிவிட்டது என்பார்கள். மீதிப் பேர் அவர் வாயில் பொய்யே வராது என்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் மண்ணெண்ணெய் விற்றவன் நான். அதனால் எனக்குத் தெரிந்ததை நானே சொல்லிவிடுகிறேன். என் பெயர் சண்முகவேல், ஊர் சாத்தான்குளம் பக்கம். யுத்தம் முடிந்த மறு வருஷம் இங்கே வந்து பலசரக்குக் கடை போட்டேன். பேய், பிசாசு என்று யாராவது கடை வாசலில் ஆரம்பித்தால், சாமான் வாங்கியாயிற்றா, வழியை விடுங்கள் என்று விரட்டுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான் விரட்டுகிறேன். ஆனால் பொழுது சாய்வதற்கு முன்பே கடையின் கடல் பக்கத்துக் கதவை அடைத்துவிடுகிறேன்.

தேசப்பன் ஒல்லியாக, உயரமாக இருப்பார். கட்டுமரத்தைத் தூக்கித் தூக்கி இடது தோள் சரிந்திருக்கும். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய காலத்தில், சோழவரத்தில் வெள்ளைக்காரன் விமானம் இறங்க ஓடுபாதை போட்டான். ஊரே குண்டுக்குப் பயந்து ஓட, இவர் குண்டு விழக்கூடிய இடமாகப் பார்த்துக் கூலிக்குப் போனார். அங்கே கிடைத்த வேலை விளக்கு வைப்பது. டீக்கடைக் கெட்டில் போலத் தகரத்தில் செய்த விளக்குகள். வயிற்றில் மண்ணெண்ணெய், நீண்ட மூக்கில் தடித்த திரி. பொழுது சாய்ந்து விமானம் வரும் என்றால், ஓடுபாதைக்கு இரு பக்கமும் அவற்றை வரிசையாக வைத்துக் கொளுத்த வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பார்த்துத்தான் விமானம் இறங்கும். வரிசையும் அதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும். விமானம் இறங்கி நின்றதும் பச்சைக் கண்ணாடி போட்ட கைவிளக்கை ஆட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் திரிகளை அணைக்கலாம்.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துத் தட்டுமுட்டுகளை ஏலம் போட்டார்கள். தேசப்பன் அந்த விளக்குகளையும் பச்சைக் கைவிளக்கையும் வாங்கி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு குப்பத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் மனைவி மங்கை வாசலிலேயே மறித்துக்கொண்டாளாம்.

“சோறாக்க ஒரு நல்ல சட்டி இல்ல வூட்ல. இத்த வச்சிகினு இன்னா பண்ணப் போற?”

அவர் என்ன செய்தார் என்பதைக் குப்பமே சீக்கிரத்தில் பார்த்தது. எங்கள் முகத்துவாரத்தில் மணல்மேடு ஒரே இடத்தில் இருக்காது. நேற்று ஆழமாக இருந்த வழி இன்று மேடாகிவிடும். வழி தவறுகிற மரத்தை அலை புரட்டிப் போட்டுவிடும். (மரம் என்று இவர்கள் சொல்வது கட்டுமரத்தை.) தூரத்துக்குப் போன மரங்கள் திரும்புவது பெரும்பாலும் விளக்கு வைக்கிற நேரம். தேசப்பன் மாலையில் கரையோரம் நடந்து, எங்கே அலை உடையாமல் உள்ளே வருகிறது என்று பார்ப்பார். அந்த இடத்துக்கு நேராக மணலில் இரண்டு வரிசை விளக்கு வைப்பார். இரண்டு வரிசைக்கும் நடுவைப் பிடித்து வருகிற மரம் நேராக உள்ளே வந்துவிடும். அவர் விளக்கு வைக்க ஆரம்பித்த பிறகு அந்த இடத்தில் ஒரு மரமும் புரளவில்லை. குப்பத்தார் ஒவ்வொரு மரத்திலிருந்தும் அவருக்கு மீன் பங்கு கொடுத்தார்கள். அவர் கடலுக்குப் போவதை விட்டுவிட்டார்.

குப்பத்தில் அவருக்கு முன்பிருந்தே ஒரு வழக்கம் உண்டு. கரையில் நிற்கிறவன், வருகிற மரத்தைப் பார்த்து மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

“யாரு மரம்?”

“எங்கேந்து?”

“எத்தினி பேரு?”

மூன்றுக்கும் பதில் வந்தால் கரைக்காரன் “வந்தாச்சு” என்று சொல்வான். அந்த வார்த்தை விழும்வரை, மரத்தின் மூக்கு மணலில் குத்தி நின்றாலும் அது வந்ததாகக் கணக்கில்லை; பெண்கள் மீன் கூடையில் கை வைக்க மாட்டார்கள். போனது எத்தனை பேரோ வந்ததும் அத்தனை பேராக இருக்க வேண்டும். எல்லா மரமும் வந்தாச்சு என்றான பிறகுதான் விளக்கை அணைக்கலாம். இன்னொன்றும் உண்டு. கேள்வி கடல் பக்கமிருந்து வருவதற்கு மட்டும்தான். அந்தி நேரத்தில் முதுகுக்குப் பின்னால், தரைப் பக்கமிருந்து எது வந்தாலும் திரும்பக் கூடாது, கேட்கவும் கூடாது. அந்தப் பக்கம் என் கடைதானே இருக்கிறது, நான் வந்தால்கூடத் திரும்ப மாட்டீர்களா என்று நான் கேலி செய்வேன். தேசப்பன் சிரிக்க மாட்டார்.

ஐம்பத்தொன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். கடலில் மழை கறுத்துக்கொண்டு நின்றது. மரங்கள் எல்லாம் வந்து சேர்ந்து, ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தேசப்பன் தனியாக நின்று விளக்குகளை அணைக்கப் போன நேரம். கடற்காற்றில் சுடரெல்லாம் கரைப் பக்கம் சாய்ந்து எரிந்துகொண்டிருந்தது. திடீரென்று, தரைப் பக்கத்துக் கடைசி விளக்கின் சுடர் கடலைப் பார்த்துப் படுத்தது. அதற்கடுத்தது படுத்தது. அதற்கடுத்தது. வரிசையாக, ஒன்றன் பின் ஒன்றாக, இரண்டு பக்கமும் கடலை நோக்கிச் சாய்ந்துகொண்டே வந்தன. பின்னாலிருந்து, இழுத்துக் கட்டிய கம்பியில் காற்று உரசுகிற சத்தம் வந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. அவர் தலைக்கு மேல் கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் ஒரு சின்ன விமானம் விளக்குகளின் நடுவே இறங்கி, தண்ணீருக்கு மேல் போய், மழைக்குள் புகுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. அலைச் சத்தம்தான் கேட்டது.

சோழவரத்துத் தேசப்பனாக இருந்திருந்தால் பச்சை விளக்கை ஆட்டியிருப்பார், ஆளைக் கூப்பிட்டிருப்பார். அன்றைக்கு அவர் குப்பத்துத் தேசப்பனாக நின்றுவிட்டார். தரைப் பக்கமிருந்து வந்ததைக் கேட்கக் கூடாது. அவர் கேட்கவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார்.

பொழுது விடிந்ததும் அவர் சொல்லி, ஆட்கள் மரத்தை எடுத்துக்கொண்டு போய்த் தேடினார்கள். வலை போட்டு இழுத்தார்கள். ஒரு பலகைகூட அகப்படவில்லை. பிறகு விமான இலாகாவிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். பெயர் சௌக்கத் அலி. நல்ல மனிதர். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து கோலி சோடா குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். விமானம் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருடைய சொந்த விமானம்; அவரே ஓட்டி வந்திருக்கிறார். மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டியது. மழை மேகத்தில் வழி தவறி, பட்டணத்தைத் தாண்டி வடக்கே வந்திருக்கிறது. பெட்ரோல் தீர்ந்திருக்கும். இரண்டு வரிசை விளக்கைப் பார்த்து ஓடுபாதை என்று நினைத்து இறக்கியிருப்பார் என்றார்.

தேசப்பனும் அவர் மகன் மனோகரனும் பெஞ்சுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்கள். மனோகரனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். காசிமேட்டில் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். அப்பாவிடம் சோழவரத்துக் கதைகளைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு விமானம் என்றால் உயிர்.

“சொந்த விமானந்தான சார். இஸ்டத்துக்கு எங்க வேணா எறங்கிக்கலாமா?” என்று கேட்டான் மனோகரன்.

“அதுதான் கிடையாது” என்றார் சௌக்கத் அலி. “ஒரு நாட்டுலேர்ந்து இன்னொரு நாட்டுக்கு வர்றதுன்னா, கிளம்பறதுக்கு முன்னாடியே எங்கே போறேன், எந்த வழி, எப்போ சேருவேன், எத்தனை பேருன்னு சொல்லியாகணும். சுங்க அதிகாரி இருக்கிற நிலையத்துலதான் இறங்கணும். இறங்கினாலும் சுங்கம், போலீஸ், டாக்டர் எல்லாரும் பார்த்துச் சரின்னு சொல்ற வரைக்கும் விமானத்தை விட்டு நகரக் கூடாது. அப்புறம்தான் அங்கே தந்தி போகும், வந்து சேர்ந்தாச்சுன்னு.”

“தந்தி போவலன்னா?” என்றார் தேசப்பன்.

“அது போற வரைக்கும் கணக்குப்படி ஆகாசத்துலதான் இருக்கு.”

தேசப்பன் கைகளைக் கட்டிக்கொண்டார். நான் சும்மா இருக்க மாட்டாமல், வழியில் அவசரமாக இறங்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“அப்பவும் இதேதான் அண்ணாச்சி. பக்கத்துலயே நிக்கணும். அதிகாரி வராம அந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது. இந்த மனுஷர் எங்களுக்குத் தெரிஞ்சவர்தான். அடிக்கடி வருவார். சட்டம்னா அவருக்கு அப்படி ஒரு மரியாதை. என் மேஜையில இருக்கிற பேனாவைக்கூடக் கேட்டுட்டுத்தான் எடுப்பார்.”

“எத்தினி பேரு சார் வந்தாங்க?” என்றான் மனோகரன்.

“அவர் ஒருத்தர்தான். ரெண்டு பேர் உக்கார்ற விமானம். பக்கத்து சீட்டு காலி.”

“அந்தக் காலி சீட்டுல வழில யாரனா ஏத்திக்கலாமா?”

சௌக்கத் அலி சிரித்தார். “கூடாதுப்பா. கிளம்பினப்போ எத்தனை பேரோ இறங்கறப்போவும் அத்தனை பேர்தான். நடுவுல ஏத்தவும் கூடாது, இறக்கவும் கூடாது.”

போகும்போது அவர் தேசப்பனைத் தனியாக அழைத்துச் சொன்னார். விமானக்காரன் ஓடுபாதை விளக்கு என்று ஏமாறக்கூடிய விளக்கை எங்கேயும் வைக்கக் கூடாது, அதற்கும் சட்டம் இருக்கிறது. தெரியாமல் செய்ததால் வழக்குப் போடவில்லை, இனிமேல் வைக்காதே. தேசப்பன் தலையை ஆட்டினார். அன்றே எல்லா விளக்குகளையும் கொண்டுவந்து என் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அடுக்கினார். அடுக்கிவிட்டு, போகாமல் நின்றார்.

“அண்ணாச்சி, உங்கிட்ட ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. அன்னிலேர்ந்து தெனம் வருது.”

“எது வருது?”

“அதான். நேத்து வரிக்கும் வெளக்கு வச்சேனா. மரமெல்லாம் வந்தப்பால, பின்னாலேர்ந்து காத்து வருது. வெளக்கு ஒண்ணொண்ணா கடலப் பாத்துப் படுக்குது. தலைக்கு மேல போவுது. கண்ணுக்கு ஒண்ணுந் தெர்ல. நான் கேக்கல, அண்ணாச்சி. அன்னிக்கே கேட்டுட்டு வந்தாச்சுன்னு சொல்லியிருந்தா எறங்கியிருக்கும். கேக்காம உட்டுட்டேன்.”

“போயித் தூங்குங்க தேசப்பண்ணே. மூணு நாளாக் கண்ணு மூடலேன்னு மதினி சொல்லுதா” என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

விளக்கு இல்லாத கார்த்திகை வந்தது. மழை விட்ட ஒரு நாள் பகலில் மனோகரனும் அவன் சித்தப்பா மகன் மாரியப்பனும் மரத்தில் போனார்கள். மத்தியானத்துக்கு மேல் வடகிழக்கில் மறுபடி கறுத்தது. மற்ற மரங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டன. இவர்களுடையது வரவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரை இருட்டிக்கொண்டு வந்தது. அலை எங்கே உடைகிறது, எங்கே வழி என்று எதுவும் தெரியவில்லை. மங்கை முழங்கால் தண்ணீரில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தேசப்பன் என் கொட்டகைக்கு ஓடி வந்தார். நானும் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். சட்டமாவது மண்ணாவது, பிள்ளை கடலில் இருக்கிறான். அவர் வழி பார்த்து வைத்துக்கொண்டே போக, நான் திரி கொளுத்திக்கொண்டே போனேன். இரண்டு வரிசையும் எரிந்தது. காற்று முகத்தில் அடித்தது. சுடரெல்லாம் எங்கள் பக்கம் சாய்ந்து பறந்தது.

அப்போது தரைப் பக்கத்துக் கடைசி விளக்கு திரும்பிப் படுத்ததை நான் பார்த்தேன்.

காற்று கடலிலிருந்து வருகிறது. என் வேட்டி பின்னால் பறக்கிறது. சுடர் மட்டும் காற்றை எதிர்த்துக் கடலைப் பார்த்துப் படுக்கிறது. அடுத்தது. அதற்கடுத்தது. கம்பியில் காற்று உரசும் சத்தம் பின்னாலிருந்து நெருங்கி வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எவ்வளவு பெரிய வீரன் என்றாலும் அந்த நேரத்தில் திரும்பியிருக்க மாட்டான்.

தேசப்பன் மட்டும் தலையைத் தூக்கினார். மகன் வருகிற வழியில் இது குறுக்கே நிற்கிறது, இதை முதலில் இறக்கி ஓரம் கட்ட வேண்டும் என்று நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். பச்சை விளக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வாழ்நாளெல்லாம் மரங்களைக் கேட்ட அதே குரலில் கேட்டார்.

“யாரு மரம்?”

பதில் இல்லை.

“எங்கேந்து?”

சுடர்கள் தண்ணீர் ஓரம் வரை படுத்துவிட்டன.

“எத்தினி பேரு?”

மேலேயிருந்து, கை எட்டுகிற உயரத்திலிருந்து, பதில் வந்தது.

“ரெண்டு பேரு, நைனா.”

அது மனோகரன் குரல். என் கடையில் தினமும் பீடி கேட்கிற குரல். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

கொஞ்ச நேரத்தில் மரம் வந்தது. விளக்குகளுக்கு நடுவே, நேராக, ஒரு அலைகூட இடிக்காமல் உள்ளே வந்தது. அதில் மாரியப்பன் மட்டும் குப்புறக் கிடந்தான். அவனை உட்காரவைத்து முகத்தைத் துடைத்ததும் சொன்னான்.

“வெளக்கு தெரியுதுடான்னான். எழுந்து நின்னான். அப்பால மேல பாத்தான். யாரோ கை குடுத்தா மாதிரி கையத் தூக்குனான், பெரிப்பா. அல ஒண்ணும் பெர்சா வர்ல. நான் திரும்பிப் பாக்கிறேன், ஆளக் காணோம்.”

உடம்பு கிடைக்கவில்லை. குப்பத்தில் உடம்பு கிடைக்காதவனுக்கும் காரியம் செய்ய வழி இருக்கிறது. கரையில் விளக்கை அணைத்து, கரைக்காரன் அவனுக்காக வந்தாச்சு என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு வைக்கோலில் உருவம் செய்து சடங்கு நடக்கும். பெற்றவள் வாய்விட்டு அழலாம். அதுவரை அழக் கூடாது. அவன் வழியில் இருக்கிறான் என்று கணக்கு.

தேசப்பன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. தினமும் விளக்கு வைத்தார். மரங்களைக் கேட்டு உள்ளே சேர்த்த பிறகு தனியாக நின்றார். சுடர்கள் படுக்கும். அவர் கேட்பார். “ரெண்டு பேரு, நைனா” என்று பதில் வரும். அதைக் கேட்டுவிட்டு விளக்குகளை எரியவிட்டுவிட்டு வருவார். எண்ணெய் தீர்ந்து அவையே அணையும். விளக்கு வைக்கக் கூடாது என்று சொல்ல ஸ்டேஷனிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் வந்தார். அந்தி வரை நின்று பார்த்தார். பிறகு அவர் எங்கள் பக்கம் ரோந்துக்கே வரவில்லை.

மங்கை அரை ஆளாக இளைத்துப்போனாள். ஒரு நாள் என் கடை வாசலிலேயே இருவருக்கும் சண்டை வந்தது.

“ஒரு வார்த்த சொல்லேன்யா. வந்தாச்சுன்னு சொல்லு. நெஞ்சு அடைக்குது எனக்கு, அழக்கூட முடியாம.”

“சொன்னா நாளிக்கு வர மாட்டான் மே. இப்ப தெனம் வரான். தலைக்கு மேலயே வரான். என்னாண்ட பேசுறான்.”

“பேசுறான். சோறு துன்றானா? படுக்கிறானா? ஊரான் விமானத்துல குந்திகினு மழையிலயும் குளிர்லயும் எம்புள்ள சுத்திகினு கீறான். அத்தக் கேக்க ஒனக்கு நல்லாக்கீதா?”

தேசப்பன் எண்ணெய்த் தகரத்தை எடுத்துக்கொண்டு போனார். அவர் மேல் எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இப்போது அந்தக் கோபம் இல்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் மங்கை என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் போனபோது மரங்களெல்லாம் வந்துவிட்டிருந்தன. வானம் இன்னும் சிவந்திருந்தது. தேசப்பன் தண்ணீர் ஓரத்தில் நின்றார். மங்கை அவரைத் தாண்டி இரண்டு வரிசைக்கும் நடுவே போய் நின்றுகொண்டாள். பெண்கள் அங்கே நிற்பது வழக்கமில்லை. அவர் “ஏ மே” என்றார். அவள் காதில் வாங்கவில்லை.

சுடர்கள் சாய ஆரம்பித்தன. அவள் தலைமயிர் கடல் பக்கம் பறந்தது.

“எத்தினி பேரு?” என்று கேட்டாள். முதல் இரண்டு கேள்வியை அவள் கேட்கவே இல்லை.

கொஞ்சம் தாமதமாக வந்தது பதில். “ரெண்டு பேரு.”

“இல்ல கண்ணு” என்றாள் மங்கை. குரல் உடையவில்லை. பக்கத்து வீட்டில் விளையாடுகிற பிள்ளையை அழைக்கிற குரல். “அந்த ஆபீசரு சொன்னாராமே, நீதான கேட்ட. நடுவுல யாரையும் ஏத்தக் கூடாது. அவுரு கெளம்புனப்ப ஒருத்தர்தான். ஒன் பேரு அதுல இல்ல. நீ மரத்துல போனவன். மரத்துல போனவன கரையிலதான் கேப்பாங்க. நான் கேட்டுட்டேன். வந்தாச்சு கண்ணு. வந்துட்ட. எறங்கிப் போய்ப் படு.”

தேசப்பன் மணலில் உட்கார்ந்துவிட்டார். சுடர்கள் கடலைப் பார்த்துப் படுத்தபடியே நின்றன. அவள் மறுபடி கேட்டாள்.

“எத்தினி பேரு?”

இந்தத் தடவை வேறு குரல் வந்தது. மரியாதையான, களைத்துப்போன குரல்.

“ஒராள்தான்.”

எங்கள் பக்கத்தில் அப்படிப் பேசுகிறவர்கள் யாரும் இல்லை. தேசப்பன் எழுந்தார். இத்தனை மாதமாக மகன் குரலுக்காகவே நின்றவர், அப்போதுதான் சோழவரத்து ஆளாக மாறினார் என்று நினைக்கிறேன். பச்சை விளக்கை எடுத்து ஆட்டினார்.

“சார், வந்தாச்சு. நீங்களும் எறங்கிடுங்க.”

“உத்தியோகத்தர் வராமல் இறங்கேலாது” என்றது அந்தக் குரல்.

பிறகு சுடர்கள் நிமிர்ந்து, காற்றுக்குத் தக்கபடி கரைப் பக்கம் சாய்ந்தன. மங்கை ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே வந்தாள். கடைசி விளக்கை அணைத்ததும் மணலில் விழுந்து அழுதாள். குப்பத்துப் பெண்கள் சத்தம் கேட்டு ஓடி வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். மறுநாள் சடங்கு நடந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு மீனம்பாக்கத்துக்கு பஸ் ஏறிப் போய் சௌக்கத் அலியைத் தேடினேன். அவரைப் பம்பாய்க்கு மாற்றியிருந்தார்கள். அவர் நாற்காலியில் இருந்தவர், அந்த விமானம் காணாமல் போனதாக முடித்தாயிற்று என்றார். இறங்கிவிட்டது, அதிகாரி ஒருவர் வந்து சரி என்று சொன்னால் போதும் என்று நான் சொன்னேன். நீங்கள் யார், உங்கள் விலாசம் என்ன என்று அவர் ஆரம்பித்தார். வந்த வழியே திரும்பினேன். பஸ்ஸில் வரும்போது என்னை நானே திட்டிக்கொண்டேன், பலசரக்குக் கடைக்காரனுக்கு இது தேவையா என்று.

அதன் பிறகு தேசப்பன் இரண்டு வரிசை விளக்கு வைக்கவில்லை. கம்பத்தில் ஒற்றை அரிக்கேன் விளக்குக் கட்டி, அதன் கீழே நின்று மரங்களைக் கேட்டார். எல்லாம் வந்த பிறகு, அரிக்கேன் சுடர் கடல் பக்கம் சாய்கிற நேரத்தில், இன்னொரு தடவை கேட்பார். வீட்டுக்கு வந்து வாசலில் கால் கழுவும்போது மங்கை அவர் முகத்தைப் பார்ப்பாள்.

“ஒருத்தர்தான் மே” என்பார்.

அதற்குப் பிறகுதான் அவள் தட்டில் சோறு போடுவாள். ஏழெட்டு வருஷம் இப்படியே போயிற்று. எறங்குங்க சார் என்று தினமும் சொல்லிப் பார்த்ததாகவும், அவர் மசியவில்லை என்றும் தேசப்பன் என்னிடம் அலுத்துக்கொள்வார். பிடிவாதக்காரப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொல்வார்.

ஐம்பத்தொன்பதில், மாரில் சளி கட்டி, பாயில் படுத்தபடியே தேசப்பன் செத்துப்போனார். மத்தியானம் உயிர் போயிற்று. தூக்குவதற்கு எல்லாம் தயார். மங்கை மட்டும் கொஞ்சம் பொறுங்கள் என்றாள். வெயில் தாழ்ந்ததும் எழுந்து கரைக்கு நடந்தாள். அவள் எதற்குப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து சீட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் இறங்கச் சொல்லிக் கெஞ்சினவர், ஒரு வேளை துணைக்கு ஏறிவிட்டாரோ என்று அவளுக்குப் பயம். எனக்கும்தான். நான் அரிக்கேனை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

சுடர் சாய்ந்தது. அவள் கேட்டாள்.

“எத்தினி பேரு?”

“ஒராள்தான்.”

மங்கை மார்பில் கை வைத்து மூச்சு விட்டாள். “இவரு கரையிலதான் கீறாரு, அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். இரண்டடி வைத்தவள் நின்றாள். வாசலில் வெகு நேரமாகக் காத்திருக்கிற விருந்தாளியிடம் சொல்வது போல, இருட்டைப் பார்த்துச் சொன்னாள்.

“ஆபீசரு வருவாரு சார். கொஞ்சம் இருங்க.”